விதை யார் கையில்? மேரு காய்கறித் தோட்டங்களுக்கு 2026 நவம்பர் ஏன் முக்கியம்

மேரு, காப்பார் வட்டாரத்தில் ஏதாவது ஒரு விவசாயப் பொருள் கடைக்குள் நுழைந்து பாருங்கள். உரமூட்டைகளுக்குப் பக்கத்தில் பளபளக்கும் விதைப் பொட்டலங்கள் வரிசையாகத் தொங்கும். வெண்டை, பயத்தங்காய், மிளகாய், பாகல், வெள்ளரி என எல்லாம் இருக்கும். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் வேறொரு நாட்டின் பெயர்தான் இருக்கும். உள்ளே இருக்கும் விதை இளஞ்சிவப்பிலோ பச்சையிலோ சாயம் பூசியிருக்கும். அது அழகுக்காகப் பூசியது இல்லை. பூஞ்சைக்கொல்லி மருந்து தடவிய விதை, யாரும் வாயில் போட்டுவிடக்கூடாது என்பதற்கான அடையாளம்.

இயற்கை முறையில் காய்கறி பயிரிட விரும்பும் நம்மவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். உரத்தை நாமே தயாரிக்கிறோம். பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடிக்கிறோம். ஆனால் விதை மட்டும் மருந்தில் குளித்து, கடல் தாண்டி வருகிறது. நம் மண்ணில், நம் மழையில், மருந்தில்லாமல் விளைந்த விதையை இந்த வட்டாரத்து விவசாயிக்கு யார் தருவது?

விவசாயிகளின் சொந்தப் பிரச்சினையாக இருந்த இந்தக் கேள்வி இப்போது நாட்டின் சட்டப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது. அதற்கு ஒரு தேதியும் குறிக்கப்பட்டிருக்கிறது.

2026 நவம்பர்: என்ன கெடு?

சி.பி.டி.பி.பி. எனப்படும் பசிபிக் வட்டார வர்த்தக ஒப்பந்தம் 2022 நவம்பர் 29ஆம் தேதி மலேசியாவில் நடப்புக்கு வந்தது. ஏற்றுமதி, வரிக் குறைப்பு, முதலீடு என்று அதன் பலன்களைப் பற்றி நிறையப் பேசினார்கள். அதற்குள் இருந்த ஒரு சிறிய நிபந்தனையைப் பற்றி அதிகம் பேசவில்லை. உறுப்பு நாடுகள் 'யூபோவ் 1991' என்ற அனைத்துலக உடன்படிக்கையில் சேர வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. மலேசியாவுக்கு அதற்காக 4 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அந்த அவகாசம் 2026 நவம்பர் இறுதியில் முடிகிறது.

யூபோவ் என்பது புதிய பயிர் ரகங்களை உருவாக்குவோரின் உரிமையைப் பாதுகாக்கும் அமைப்பு. 1961இல் பாரிசில் தொடங்கியது, தலைமையகம் ஜெனிவாவில் இருக்கிறது. ஆசியானில் சிங்கப்பூர் 2004லும் வியட்நாம் 2006லும் இதில் சேர்ந்தன. புதிய ரகத்தை உருவாக்கிய நிறுவனமோ ஆய்வுக்கூடமோ அதைப் பதிவு செய்துகொண்டால், குறைந்தது 20 ஆண்டுகளுக்கு அந்த ரகத்தின் விதையை உற்பத்தி செய்யவும் விற்கவும் அவர்களுக்கே உரிமை. மரங்களுக்கும் திராட்சை போன்ற கொடிகளுக்கும் அது 25 ஆண்டு.

மலேசியாவிடம் இதற்கென்று ஏற்கெனவே ஒரு சட்டம் இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் புதிய தாவர ரகங்கள் பாதுகாப்புச் சட்டம், அதாவது 634ஆம் சட்டம். ஆய்வாளருக்கும் உரிமை தந்து, சிறு விவசாயியையும் கைவிடாமல் எழுதப்பட்ட சட்டம் அது. இந்த வட்டார நாடுகளில் இப்படி இரண்டு பக்கமும் பார்த்து எழுதிய சட்டங்கள் அதிகமில்லை.

இப்போது இருப்பது என்ன, போகப்போவது என்ன?

634ஆம் சட்டத்தின் 31ஆம் பிரிவு சிறு விவசாயிக்கு மூன்று கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது.

முதலாவது, பதிவு செய்யப்பட்ட ரகமாகவே இருந்தாலும், தன் நிலத்தில் விளைந்ததிலிருந்து விதை எடுத்து மறுபடியும் தன் நிலத்தில் விதைக்கலாம். இரண்டாவது, நியாயமான அளவு விதையைச் சிறு விவசாயிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளலாம். மூன்றாவது, வெள்ளம் போன்ற பேரிடரால், அல்லது தன் கட்டுப்பாட்டுக்கு மீறிய வேறு காரணத்தால், எடுத்து வைத்த விதையைத் தானே பயன்படுத்த முடியாமல் போனால் அதை விற்கலாம். விற்கும் அளவு தன் நிலத்துக்குத் தேவையானதைத் தாண்டக்கூடாது.

இன்னும் இரண்டு பாதுகாப்புகள் உண்டு. விவசாயிகளோ உள்ளூர்ச் சமூகமோ பூர்வகுடி மக்களோ உருவாக்கிய ரகத்தைச் சற்றுத் தளர்ந்த விதிகளின்கீழ் அவர்களே பதிவு செய்யலாம். அதற்கு 15 ஆண்டு பாதுகாப்பு கிடைக்கும். மேலும், புதிய ரகத்துக்கு விண்ணப்பிப்பவர் அதன் மூல விதை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு சமூகத்தின் பாரம்பரிய ரகத்திலிருந்து எடுத்திருந்தால் அவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும் காட்ட வேண்டும். நம் விதையை எடுத்து நமக்கே விற்கும் வேலையைத் தடுக்கும் பூட்டு இது.

யூபோவ் 1991 இவ்வளவு தாராளமானது அல்ல. பதிவு செய்யப்பட்ட ரகத்தின் விதையை விவசாயி தன் சொந்த நிலத்துக்காக எடுத்து வைப்பதை ஒரு நாடு விரும்பினால் அனுமதிக்கலாம். அதுவும் 'நியாயமான வரம்புக்குள்', ரகத்தை உருவாக்கியவரின் நலன் கெடாத வகையில் இருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரரோடு விதை மாற்றிக்கொள்வதற்கும் எஞ்சியதை விற்பதற்கும் அதில் இடமில்லை. மலேசியா சேர வேண்டுமானால் 634ஆம் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும். திருத்தினால் மேலே சொன்ன மூன்று கதவுகளில் இரண்டு மூடப்படும், மூன்றாவது பாதி சாத்தப்படும்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் மலேசிய உணவு இறையாண்மை மன்றமும் இதனால்தான் யூபோவில் சேர வேண்டாம் என்று குரல் கொடுத்து வருகின்றன. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வெறும் அறிக்கை விடும் அமைப்பு அல்ல. நம் தமிழ்ப்பள்ளிகளில் இயற்கைத் தோட்டம் போடவும், விதை சேகரிக்கவும், பஞ்சகவ்யம் தயாரிக்கவும் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்து வருகிறது என்பதைத் தோட்டப்புற வாசகர்கள் அறிவார்கள்.

பீதியும் வேண்டாம், மெத்தனமும் வேண்டாம்

"இனி வீட்டில் கத்தரி விதை எடுத்து வைத்தால்கூட சிறை" என்ற ரீதியில் வாட்சாப்பில் செய்தி வந்தால் நம்பாதீர்கள். அது உண்மை அல்ல. யூபோவ் உரிமை பதிவு செய்யப்பட்ட புதிய ரகங்களுக்கு மட்டுமே. பாட்டி காலத்திலிருந்து வரும் சுரை, அவரை, கீரை விதைகளை எடுத்து வைப்பதையும் பகிர்வதையும் யூபோவ் தடுக்காது. வீட்டு உபயோகத்துக்காக, வியாபார நோக்கமின்றிச் செய்வதற்கும் அதில் விலக்கு உண்டு.

அப்படியானால் ஏன் கவலைப்பட வேண்டும்? மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், எந்த ரகம் பதிவானது, எது பதிவாகாதது என்று ஒரு சிறு விவசாயிக்கு எப்படித் தெரியும்? பசாரில் வாங்கிய மிளகாயின் விதையிலா அது எழுதியிருக்கிறது? நான்கைந்து பருவம் கைமாறிய விதைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. சந்தேகம் வந்தால் சிறியவன்தான் ஒதுங்குவான். வழக்கறிஞர் வைத்து வாதாட அவனால் முடியாது.

இரண்டாவது காரணம், பழைய ரகங்கள் அப்படியே நிற்பதில்லை. நோய் மாறுகிறது, மழை மாறுகிறது. புதிய ரகத்தை வாங்கி, நம் பழைய ரகத்தின் பக்கத்தில் போட்டு, நல்ல செடியைத் தேர்ந்தெடுத்து, நாலு பேருக்குக் கொடுத்துத்தான் ஒவ்வொரு வட்டாரத்திலும் விதை வளர்ந்திருக்கிறது. இந்தப் பரிமாற்றம் நின்றால் விதையும் நின்றுபோகும்.

மூன்றாவது காரணம் இயற்கை விவசாயம் சம்பந்தப்பட்டது. அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

இயற்கை விவசாயத்தின் அறுந்த கண்ணி

நம் நாட்டில் இயற்கை வேளாண்மைக்கு எம்.எஸ். 1529 என்ற தர நிர்ணயம் இருக்கிறது. அதன் அடிப்படையில்தான் விவசாயத் துறை 'மை ஆர்கானிக்' சான்றிதழ் தருகிறது. உலக அளவில் கோடெக்ஸ் வழிகாட்டி 1999லேயே சொல்லிவிட்டது: இயற்கை விளைபொருளுக்கான விதையும் குறைந்தது ஒரு தலைமுறையாவது இயற்கை முறையில் விளைந்திருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மருந்து தடவாத சாதாரண விதையைப் பயன்படுத்தலாம்.

இந்தக் 'கிடைக்காவிட்டால்' என்ற சொல்லில்தான் எல்லாரும் தொங்கிக்கொண்டிருக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சலுகையை 2036 முடிவோடு நிறுத்துவதாகச் சட்டம் போட்டுவிட்டது. நாளை ஏற்றுமதிச் சந்தையும் பெரிய பேரங்காடிகளும் அதே கேள்வியைக் கேட்கும். அன்று மேரு விவசாயி இயற்கை விதைக்கும் வெளிநாட்டுப் பொட்டலத்தையே நம்பியிருக்க வேண்டுமா?

விலை மட்டும் இங்கே விஷயமல்ல. பெரிய நிறுவனங்களின் ரகங்கள் பெரும்பாலும் நிறைய உரமும் மருந்தும் கொடுத்துச் சோதிக்கப்பட்டவை. சாணமும் மக்கிய இலையும் மட்டுமே போடும் நிலத்தில் அதே ரகம் சோர்ந்துபோகலாம். குறைந்த உரத்தில், மருந்தில்லாமல், கிள்ளானின் களிமண்ணில் தாக்குப்பிடித்த செடியின் விதைதான் அடுத்த பருவம் அங்கே தாக்குப்பிடிக்கும். அந்தத் தேர்வை நமக்காகச் சுவிட்சர்லாந்திலோ தைவானிலோ இருப்பவர் செய்து தரமாட்டார்.

மிளகாய், இஞ்சி, முட்டைக்கோஸ் மூன்றிலும் நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. காய் வெளியிலிருந்து வருவதைப் பற்றி நாடாளுமன்றத்திலும் பேசுகிறார்கள். விதை வெளியிலிருந்து வருவதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. விதை இல்லாமல் எந்த உணவுப் பாதுகாப்பு?

பிற நாடுகளில் நடந்தது

இது வெறும் காகிதப் பயம் அல்ல என்பதற்கு உதாரணங்கள் இருக்கின்றன.

இந்தியாவில் 2019இல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தன் சிப்ஸ் வறுவலுக்காகப் பதிவு செய்த ரகத்தை அவர்கள் அனுமதியின்றிப் பயிரிட்டதாகக் குற்றச்சாட்டு. நான்கு சிறு விவசாயிகளிடம் தலைக்கு 1 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. நாடே கொதித்தது, சில வாரங்களில் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. இந்திய விவசாயிகளுக்குக் கைகொடுத்தது 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும், வணிகப் பெயர் போடாமல் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்கிறது அது. இந்தியா இன்றும் யூபோவில் சேரவில்லை. ஆனாலும் அந்த ரகத்தின் பதிவு பற்றிய சட்டப் போராட்டம் அதோடு ஓயவில்லை. 2021இல் பதிவு ரத்தானது. 2024 ஜனவரியில் டெல்லி உயர்நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இந்தோனேசியாவில் கிழக்கு ஜாவா சோள விவசாயிகள் விதை விவகாரத்தில் நீதிமன்றம் ஏற்றப்பட்டார்கள். அதன் பிறகு 2013இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், சிறு விவசாயிகள் பயிர் ரகங்களைத் தேடிச் சேகரிக்க அனுமதி வாங்கத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. தாய்லாந்தில் 2020இல் இதே சி.பி.டி.பி.பி. ஒப்பந்தத்தை எதிர்த்து விவசாயிகளும் பொதுமக்களும் கிளம்பியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று யூபோவ். கென்யாவில் சான்றிதழ் இல்லாத விதையை விற்பதும் பகிர்வதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. சிறு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2025 நவம்பரில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு விரோதமானவை என்றது.

இவற்றில் ஒரு பாடம் இருக்கிறது. உரிமை சட்டத்தில் எழுதியிருந்த இடத்தில் விவசாயி சில வாரங்களில் தப்பினான். எழுதாத இடத்தில் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைந்தான். நம்மிடம் எழுதியிருக்கிறது. அதை நாமே அழித்துவிட்டு, பிறகு வழக்குப் போடுவது புத்திசாலித்தனமா?

மறுபக்கத்தையும் கேட்போம்

நியாயமாகப் பேச வேண்டுமானால் மறுபக்கத்தில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நல்ல ரகம் தானாக வானத்திலிருந்து விழுவதில்லை. இலைச்சுருட்டு வைரசைத் தாங்கும் மிளகாயையோ தக்காளியையோ உருவாக்கப் பல ஆண்டு உழைப்பும் பணமும் தேவை. பிலிப்பைன்சில் 1982இல் சைமன் குரூட் தொடங்கிய ஈஸ்ட் வெஸ்ட் சீட் நிறுவனம், வெப்பமண்டலச் சிறு விவசாயிகளுக்கென்றே பாகல், பூசணி, தக்காளி ரகங்களை உருவாக்கியது. அதற்காக 2019இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. கலப்பின விதையால் வருமானம் கூடிய விவசாயிகள் ஆசியா முழுவதும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து "நீ தவறு செய்கிறாய்" என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால் கவனியுங்கள். எஃப் ஒன் எனப்படும் கலப்பின விதைக்குச் சட்டப் பாதுகாப்பே அவ்வளவாகத் தேவையில்லை. அதிலிருந்து எடுத்த விதை அடுத்த முறை ஒரே சீராக வராது என்பதால் விவசாயி தானாகவே மறுபடியும் கடைக்குத்தான் போவான். அரசாங்க ஆய்வுக்கூடமான மார்டி 1969இலிருந்து பொதுமக்கள் பணத்தில் ரகங்களை உருவாக்கி வருகிறது. அப்படியிருக்க, கடைசியில் இந்தக் கடுமையான சட்டம் யாரைக் குறிவைக்கிறது? விதை எடுத்தால் அப்படியே திரும்ப வரும் ரகங்களைப் பயன்படுத்தும் சிறு விவசாயியைத்தான். ஆய்வாளருக்கு உரிமை வேண்டும் என்பதை 634ஆம் சட்டம் ஏற்கெனவே ஒப்புக்கொள்கிறது. சிறு விவசாயியின் கையைக் கட்டினால்தான் ஆய்வு வளரும் என்பதற்குத்தான் ஆதாரம் வேண்டும்.

உரிமை இருந்தும் விதை இருக்கிறதா?

இதுவரை அரசாங்கத்தைப் பார்த்துப் பேசினோம். இனி நம்மைப் பார்த்தும் ஒன்றைக் கேட்க வேண்டும். சட்டம் இன்று அனுமதிக்கும் உரிமையை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்?

பயன்படுத்தாததற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. நம் காற்றும் ஒரு காரணம். விதைக் களஞ்சியக்காரர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எழுதி, காற்றின் ஈரப்பத விழுக்காட்டோடு கூட்டினால் 100க்குள் இருக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் சராசரி வெப்பம் 82, ஈரப்பதம் 80 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 162. அதாவது திறந்த டப்பாவில் அடுப்படியில் வைத்த விதை சில மாதங்களிலேயே உயிரை விட்டுவிடும். "போன வருஷம் எடுத்த விதை முளைக்கவே இல்லை" என்று பலர் கைவிட்டதற்கு இதுதான் காரணம். விதை மோசமில்லை, வைத்த இடம் மோசம்.

இன்னொன்று பருவம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தமிழ்நாட்டுக்குச் சொன்னது. மேருவுக்கு வேறு பட்டம். மேற்குக் கரையில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டும். ஜூன், ஜூலையும் ஜனவரி, பிப்ரவரியும் சற்று வறண்டவை. விதைக்காய் முற்றிக் காயும் நாள்கள் அந்த வறண்ட மாதங்களில் விழும்படி கணக்குப் பார்த்து நட வேண்டும். இல்லாவிட்டால் பயத்தங்காய் கொடியிலேயே முளைத்துவிடும், வெண்டை நெற்றுக்குள் பூஞ்சை ஏறிவிடும்.

எல்லாக் காயும் இங்கே விதை தராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முட்டைக்கோசும் கேரட்டும் பூத்து விதை கட்டக் குளிர் வேண்டும், சமவெளியில் அது நடக்காது. நம்மால் முடிந்தவை வெண்டை, பயத்தங்காய், அவரை, கத்தரி, தக்காளி, மிளகாய், தண்டுக்கீரை, சுரை, பீர்க்கு, புடல், பாகல், பூசணி. தோட்டப்புற வீட்டுச் சமையலில் பாதிக்கு மேல் இதில் அடங்கிவிடுகிறது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை

விதை எடுப்பது என்றால் பறிக்க மறந்த கடைசிக் காயை முற்ற விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மிச்சம் நின்ற காயை எடுத்தால் மிச்சமான விதைதான் வரும். ஆரம்பத்திலேயே நோயில்லாத, நன்றாகக் காய்க்கும் செடிகளைக் கயிறு கட்டி அடையாளம் வைக்க வேண்டும். வைரஸ் அறிகுறி தெரிந்த செடியை உடனே பிடுங்கிவிட வேண்டும். ஏனெனில் சில நோய்கள் விதை வழியாகவே அடுத்த தோட்டத்துக்குப் போகும். இயற்கை விதை என்று சொல்லி நோயை விற்றால் அந்தப் பெயரே கெட்டுவிடும்.

அடுத்தது கலப்பு. தக்காளியும் பயறு வகைகளும் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே சேர்ந்துகொள்ளும். இந்திய விதைச் சான்றளிப்பு விதிப்படி தக்காளிக்கு 25 முதல் 50 மீட்டர் இடைவெளி போதும். வெண்டைக்கும் மிளகாய்க்கும் 200 முதல் 400 மீட்டர் வேண்டும். சுரை, பாகல் போன்ற கொடிகளுக்கு 500 முதல் 1,000 மீட்டர். மேருவில் பக்கத்து வேலி 10 மீட்டரில் இருக்கும்போது இது எப்படி முடியும்? முடியும். மிளகாய்ச் செடியைப் பூக்கும் முன்பே கொசுவலையால் மூடலாம். வெண்டை மொட்டை முதல் நாள் மாலையே நூலால் கட்டிவிடலாம், அது தானே கருவுறும். கொடிக்காய்களில் ஆண் பூவையும் பெண் பூவையும் மலரும் முன்பே கட்டி வைத்து, மலர்ந்ததும் கையால் தொட்டுவிட்டு மறுபடியும் கட்ட வேண்டும். சுரைக்கு இந்த வேலை சாயங்காலம், பாகலுக்குக் காலை.

காய வைப்பதும் ஒரு கலை. நிழலில், காற்றோட்டத்தில் முதலில் உலர்த்தி, பிறகு சிலிக்கா ஜெல்லோ, வாணலியில் நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசியோ போட்ட மூடிய கண்ணாடிப் போத்தலில் வைத்தால் மீதி ஈரத்தை அது இழுத்துவிடும். பிறகு பெயரும் தேதியும் எழுதி, காற்றுப் புகாமல் மூடி, குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். விற்பதற்கு முன் 100 விதையை ஈரத்துணியில் முளைக்க வைத்து எண்ண வேண்டும். இந்திய அளவுகோலில் குறைந்தபட்சம் மிளகாய்க்கு 60, வெண்டைக்கு 65, கத்தரி, தக்காளிக்கு 70 முளைக்க வேண்டும். இந்த எண்ணைப் பொட்டலத்தில் எழுதி விற்பவரை விவசாயி நம்புவார்.

விளைச்சல் கணக்கும் கேட்பீர்கள். இந்தியாவில் வெண்டை விதை ஹெக்டருக்குச் சுமார் 1 டன் எடுக்கிறார்கள். நம் மழைக்கும் அனுபவக் குறைவுக்கும் பாதியைக் கழித்துவிடுங்கள். ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது சுமார் 250 சதுர மீட்டர் இடத்தில் 12 கிலோ கிடைக்கும். ஏக்கருக்கு 4 கிலோ விதை என்றால் 3 ஏக்கர் தோட்டத்துக்குப் போதும். ஒரு சிறு துண்டு நிலம் மூன்று விவசாயிகளுக்கு விதை கொடுக்கும் என்பதே இதன் பொருள்.

பதினாறில் ஒரு பங்கும் ஓராண்டு உரிமமும்

பதினாறில் ஒரு பங்கு என்ற அளவை வேண்டுமென்றே எடுத்தேன். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்கீழ், குடும்பமுள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் காய்கறி பயிரிடவும் மாடு மேய்க்கவும் தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டியிருந்த நிலத்தின் அளவு அது. லயத்துக்குப் பின்னால் முருங்கையும் அவரைப் பந்தலும் இருந்தது அந்த நிலத்தில்தான். ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த விதை அங்கேதான் மலேசிய விதையாக மாறியது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது நாம் வீட்டுக்காகப் போராடினோம், இழப்பீட்டுக்காகப் போராடினோம். அந்தப் பந்தலோடு போன விதையைப் பற்றி யாரும் கணக்குக் கேட்கவில்லை.

இன்றும் நிலமே அடிப்படைச் சிக்கல். நம்மவர்களில் பலர் பயிரிடுவது டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிம நிலத்தில், அல்லது உரிமமே இல்லாத நிலத்தில். தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். கீரை பயிரிடுபவருக்கு 30 நாள் போதும். விதை பயிரிடுபவருக்கு ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்த ஐந்தாறு பருவம் வேண்டும். அடுத்த ஜனவரியில் நிலம் இருக்குமா என்று தெரியாதவர் இன்றைய காயை விற்பாரே தவிர நாளைய விதையை வளர்க்கமாட்டார். ஆகவே விதை உரிமை கேட்பவர்கள் நில உரிமத்தின் காலத்தை நீட்டச் சொல்லியும் சேர்த்தே கேட்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒன்று, கேள்வி கேட்போம். கிள்ளான், காப்பார், ஷா ஆலாம் வட்டார நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி விவசாய அமைச்சிடமும் வர்த்தக அமைச்சிடமும் கேட்க வேண்டியது இதுதான்: 634ஆம் சட்டத்தின் 31ஆம் பிரிவு இருந்தபடியே இருக்குமா? திருத்தம் வருமானால் அதன் வரைவு விவசாயிகள் படிக்கும் மொழிகளில், தமிழ் உட்பட, எப்போது வெளியாகும்? சேராமல் இருக்க, அல்லது சிறு விவசாயிக்கு விலக்குக் கேட்டு மறுபேச்சு நடத்த முயற்சி நடந்ததா?

இரண்டு, குழுவாகச் செய்வோம். பத்து விவசாயிகள் பத்து ரகத்தைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட, ஒருவர் வெண்டை, ஒருவர் கத்தரி, ஒருவர் பாகல் என்று பிரித்துக்கொண்டால் கலப்புப் பிரச்சினையும் குறையும். வாங்கும் விவசாயிகள் முன்கூட்டியே அளவைச் சொல்லிவிட்டால் நட்டமும் குறையும். விதைப்பயிர் நிலத்தில் அதிக நாள் நிற்கும். ஆகவே அந்த விதை கடைப் பொட்டலத்தைவிடச் சற்று அதிக விலைதான் இருக்கும். அதைக் கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும்.

மூன்று, அமைப்புகளைப் பயன்படுத்துவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் சம்பந்தன் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்து எஸ்டேட்டே வாங்கிய சமூகம் இது. ஒரு விதைக் கூட்டுறவு நம் சக்திக்கு மீறியதா? தமிழ்ப்பள்ளித் தோட்டமும் ஆலய வளாகத்தின் காலி நிலமும் தொடக்கத்துக்குப் போதும். செர்டாங்கில் மார்டி இருக்கிறது, அங்கே விதை வங்கியும் இருக்கிறது. கிள்ளானிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்.

நான்கு, சட்டப்படி நடப்போம். ஊருக்குப் போய்வரும்போது பெட்டியில் சுண்டைக்காய் விதையும் அவரை விதையும் கொண்டுவருவது நம்மவர்களிடம் சகஜம். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதை கொண்டுவருவது குற்றம். அதிகாரிகள் பறிமுதல் செய்வது மட்டுமல்ல, அந்த விதையோடு வரும் நோய் நம் தோட்டங்களையே அழிக்கலாம். இங்கே ஏற்கெனவே இருக்கும் விதையைத் தேடுவோம். வீட்டில் வயதானவர்களைக் கேட்டால் இன்னும் கிடைக்கும்.

பஞ்சத்திலும் விதைநெல்லில் கை வைக்காத பரம்பரை நம்முடையது. இன்று பஞ்சமில்லை, விதை வைக்க மறந்துவிட்டோம், அவ்வளவுதான். சட்டம் மாறுவதும் மாறாததும் புத்ராஜெயாவில் முடிவாகும். அதற்கு நாம் குரல் கொடுக்கலாம். ஆனால் வரும் ஜூன் மாதம் நல்ல செடி ஒன்றில் கயிறு கட்டி விடுவது நம் கையில்தான் இருக்கிறது. எடுத்து வைக்க விதையே இல்லாதவனுக்கு விதை உரிமை இருந்து என்ன பயன்?